அடிப் போல்டைத் திறந்தவள்

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து மேற்கே இரண்டு மைல் நடந்தால் கெங்கம்மாளின் ஊர். அந்த ஊரில் முதல் ஆயில் இன்ஜின் இறங்கியது அவள் கிணற்றில்தான். அவள் கிணறு என்று சொன்னாலும் அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. புருஷன் துளசிராமனுக்குப் பாதி, கொழுந்தன் கலியனுக்குப் பாதி. மூன்று நாள் அண்ணன் முறை, மூன்று நாள் தம்பி முறை. ஊரில் சாவு விழுந்தாலும் அந்த முறை மாறாது.

இன்ஜினோடு வந்த ஃபிட்டர் இரண்டு நாள் தங்கி எல்லாம் சொல்லிக்கொடுத்தான். அண்ணனும் தம்பியும் ஓடுகிற சக்கரத்தையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் தானாக ஓடும், அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? கெங்கம்மாள் ஃபிட்டரின் கையைப் பார்த்தாள். எந்த போல்டு, எந்தப் பக்கம் திருப்பினான், எதைத் துடைத்தான், எதைத் துடைக்காமல் விட்டான் என்று எல்லாம் பார்த்தாள். மூன்றாம் நாள் அவன் பஸ் ஏறிப் போனதும் அந்த இன்ஜினுக்கு அவள்தான் ஆள்.

இருநூற்றைம்பது மணி நேரம் ஓடினால் ஆயில் மாற்ற வேண்டும் என்று ஃபிட்டர் சொல்லியிருந்தான். கெங்கம்மாளுக்கு எழுத்தும் தெரியாது, கடிகாரம் பார்க்கவும் தெரியாது. ஆனால் ஒரு லிட்டர் டீசல் ஊற்றினால் இன்ஜின் ஒரு மணி நேரம் ஓடும் என்பது தெரியும். லிட்டருக்கு ஒரு புளியங்கொட்டை என்று கொட்டகையில் ஒரு பானை வைத்தாள். கலியன் முறையிலும் கொட்டை போட்டாக வேண்டும், போடாவிட்டால் அவள் விடமாட்டாள். இருநூற்றைம்பது கொட்டை சேர்ந்த அன்று இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி நிறுத்துவாள். சூட்டோடு அடிப் போல்டைக் கழற்றிக் கறுப்பு ஆயிலை டின்னில் பிடிப்பாள். போல்டிலிருக்கும் செப்பு வாஷரை அடுப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி எடுப்பாள். அப்படிச் செய்தால்தான் செம்பு இளகிச் சொட்டு விடாமல் உட்காரும். ஃபிட்டர் ஒரே ஒரு தடவை செய்து காட்டியது அது.

ஐந்து வருஷம் இன்ஜின் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜோசப் கூட்டுரோட்டில் கடை போட்டான். பொன்னேரிப் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். நாலு கீற்று, ஒரு மரப்பெட்டி நிறைய ஸ்பேனர், வாசலில் சாய்த்து வைத்த லாரி டயர், அவ்வளவுதான் கடை. பேச்சு குறைவு. வேலை முடிந்ததும் முடுக்கிய போல்டின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பான், நாடி பார்க்கிற வைத்தியன் மாதிரி. கலியனுக்கு அந்தக் கடை பிடித்துப்போயிற்று. அங்கே டீ கிடைக்கும், லாரிக்காரர்கள் பேச்சு கிடைக்கும்.

"அண்ணி, இனிமே ஆயில் மாத்துறத ஜோசப்பு கையில உட்டுடலாம்" என்றான் ஒரு நாள்.

"ஏன், என் கையில இன்னா சொறியா?"

"அதுக்கில்ல. புளியங்கொட்டைய எண்ணி இஞ்சின் ஓட்றாங்கன்னு ஊரே சிரிக்குது."

"சிரிக்கிறவன் கெணத்துல இஞ்சினு கீதா? மொதல்ல வாங்கச் சொல்லு, அப்பறம் சிரிக்கச் சொல்லு."

"அவன் வேலை தெரிஞ்சவன் அண்ணி."

"தெரியும் தெரியும். புது ஆயில லாரிக்கு ஊத்துவான், லாரில எறக்கினத நமக்கு ஊத்துவான். நீ டீ குடிச்சிகினு அவன் மூஞ்சப் பாத்துகினு இருப்பே."

ஜோசப் அப்படிச் செய்ததாக ஒருத்தரும் அவளிடம் சொன்னதில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். சொன்னதாலேயே அதை நம்பவும் ஆரம்பித்தாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் துளசிராமனுக்கு மஞ்சள் காமாலை வந்து தெளிந்தது. பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக கெங்கம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆடியில் வண்டி கட்டிக்கொண்டு இருவரும் போனார்கள். நாலாம் நாள் திரும்பி வந்தவள் நேராக இன்ஜின் கொட்டகைக்குப் போனாள். போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இன்ஜின் துடைத்துப் பளபளவென்று இருந்தது. பானை கவிழ்ந்து கிடந்தது.

"ஜோசப்ப இட்டுகினு வந்தேன் அண்ணி" என்றான் கலியன். "புது ஆயிலு. அந்த செப்பு வாஷரு தேஞ்சி போச்சின்னு தூக்கிப் போட்டுட்டு புதுசு போட்டுகிறான். ஒரு மாசத்துக்கு யாரும் தொடவே வேணாம்னுட்டான்."

"நான் வர வரைக்கும் தாங்கலையா உனக்கு?"

"நீ இருந்தா உட்டிருப்பியா?"

விடிந்தால் கலியனின் முறை. அன்று பொழுது சாய்கிற நேரத்தில், அவன் மாடு பிடிக்கப் போயிருந்தபோது, ஸ்பேனரையும் ஒரு அலுமினியக் குண்டானையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். அடிப் போல்டைக் கழற்றி, பெருவிரலால் ஓட்டையை அடைத்து, குண்டானில் கொஞ்சம் பிடித்தாள். ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. விரலில் தேய்த்தாள், முகர்ந்தாள், கரகரப்பு இருக்கிறதா என்று பல்லில்கூட வைத்துப் பார்த்தாள். யார் என்ன சொன்னாலும் சரி, அது புத்தம் புது ஆயில். அதை முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான்.

தெரிந்ததும் மனசு நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, ஏமாந்துபோன மாதிரி இருந்தது.

ஜோசப் போட்டிருந்தது சிவப்பு ஃபைபர் வாஷர், அட்டை மாதிரி. அது போல்டோடு வராமல் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சரியாக உட்கார வைக்கலாம் என்று நகத்தால் நெம்பினாள், இரண்டாகக் கிழிந்து வந்தது. பழைய செப்பு வாஷரை மண்ணில் தேடினாள். அது கிடைக்கவில்லை, பெருவிரலை விட்டால் ஆயில் கொட்டுகிறது. கைக்கெட்டுகிற தூரத்தில் துவைகல்லின் மேல் சோப்புத் துண்டு இருந்தது. வீட்டில் மண்ணெண்ணெய் டின்னின் ஓட்டையை ஆறு மாசமாக அடைத்துக்கொண்டிருப்பதும் அதே சோப்புதான். பிசைந்து, போல்டைச் சுற்றி அப்பி, முடுக்கினாள். சொட்டு நின்றது. குண்டானில் பிடித்ததை மேலே ஊற்றினாள். கிழிந்த வாஷர் அடுப்புக்குப் போயிற்று.

நாளைக்குக் கூட்டுரோட்டுக்குப் போய் ஒரு வாஷர் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அங்கே வாஷர் கிடைப்பது ஜோசப் கடையில் மட்டும். அவன் எதிரில் நின்று என்னவென்று கேட்பது? முதல் நாள் போகவில்லை. இரண்டாம் நாள் தலை வாரிக்கொண்டு கிளம்பி, வரப்பு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாள். மண்ணெண்ணெய் டின் சூடாவதில்லை, இன்ஜின் சூடாகும். இந்தச் சின்ன விஷயம், இத்தனை தெரிந்தவளுக்குத் தோன்றாமல் போயிற்று.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில், தாளம் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கட்டை தட்டியது. பிறகு பல் கூசுகிற மாதிரி ஒரு கிறீச். அதோடு நின்றது. களை பறித்துக்கொண்டிருந்த கெங்கம்மாளுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சொர்ணவாரிப் பட்டத்து நெல் பால் பிடித்து, தண்ணீருக்கு நின்ற சமயம் அது.

கலியன் சைக்கிளில் போய் ஜோசப்பைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தான். பின்னாலேயே பத்துப் பேர் வந்தார்கள். இன்ஜினுக்கு அடியில் ஆயில் முழுக்க மண்ணில் வடிந்து கிடந்தது. ஜோசப் மண்டியிட்டு அடிப் போல்டைத் தொட்டான். விரலை முகர்ந்தான்.

"இதுல சோப்பு கீது" என்றான். "நான் வாஷரு போட்டேன்."

"போட்ட வாஷரு எங்கடா? பறந்து பூட்ச்சா?" என்றான் கலியன். "வாஷருக்குப் பதிலு சோப்ப வெச்சி அப்பிட்டு, ஒரு மாசம் தொடாதேன்னு வேற சொல்லிக்கிறே. ஏன் தொடக்கூடாதுன்னு இப்ப தெரியுது."

ஜோசப் கெங்கம்மாளைப் பார்த்தான். "அக்கா, இஞ்சின பாத்துக்கிறது நீதான். யாராச்சும் தொறந்தாங்களா?"

"அவங்க கோயிலுக்குப் போயிருந்தாங்க, அவங்கள இன்னாத்துக்கு இழுக்கறே?" என்று கலியன் கத்தினான்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் கலியன் கிணற்றைப் பிரி என்பான். வெள்ளாமை போகும். அதையெல்லாம்விட, இன்ஜின் தெரிந்தவள் என்ற பெயர் போகும்.

"நான் கோயிலுக்குப் போயிருந்தேன்" என்றாள் கெங்கம்மாள். "எனக்கு இன்னா தெரியும்?"

கலியன் ஜோசப்பை அறைந்தான். ஜோசப் கன்னத்தில் கை வைக்கவில்லை, பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தான். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து இன்ஜினைப் பிரித்து, உருகிப்போன பேரிங்கை மாற்றி ஓட வைத்தான். கெங்கம்மாள் தினமும் மோர் கொண்டுபோய் வைத்தாள். வைத்த இடத்திலேயே இருந்தது.

துளசிராமனிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். "சொன்னா கெணறு ரெண்டாவும். கம்னு கெட" என்றான் அவன். கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷன் சொன்ன ஒரு பேச்சையும் கேட்காதவள், அந்த ஒன்றை மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளைத் தின்றது. கடையை நம்பாதே என்று கெங்கம்மாள் அப்போதே சொன்னாள் பார் என்று ஊர் பேசிற்று. பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். ஆறு கிணற்றுக்கு ஆயில் மாற்றப் போனாள். புளியங்கொட்டைப் பானையைப் பார்த்துச் சிரித்தவர்களே வீட்டுக்கு வீடு பானை வைத்தார்கள். ஜோசப் கடைக்கு ஆள் குறைந்து, மூன்றாம் வருஷம் கீற்றைப் பிரித்துவிட்டான். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி ஒன்றில் சுமை தூக்கப் போனதாகச் சொன்னார்கள்.

கடை போனது, பெயர் நின்றுவிட்டது. மாட்டுக் கயிறு அவிழ்ந்தால் "இன்னா, ஜோசப்பு வேலையா?" என்றார்கள். பந்தல் சாய்ந்தால் ஜோசப்பு வேலை. மூடி சரியாகப் போடாத குழம்புச் சட்டியைப் பூனை தள்ளினால் அதுவும் ஜோசப்பு வேலை. ஒரு நாள் கெங்கம்மாளின் மகள் எல்லம்மா, ஒன்பது வயசு, பின்னல் அவிழ்ந்ததற்கு அம்மாவிடம், "ஜோசப்பு வேலை பண்ணிட்டியேமா" என்றாள். கெங்கம்மாள் அவளை அடித்துவிட்டாள். எதற்கு அடி விழுந்தது என்று குழந்தைக்குத் தெரியவில்லை.

மறுநாளே கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். சங்கு ஊதியதும் கம்பெனி வாசலில் கூட்டம் வெளியே வந்தது. ஜோசப் இளைத்திருந்தான். தோளில் சாக்குத் துண்டு.

"ஜோசப்பு, அந்த போல்ட தொறந்தது நான்தாம்பா" என்றாள். சுற்றி வளைக்கவில்லை. வாஷரையும் சோப்பையும் சொன்னாள்.

அவன் முழுக்கக் கேட்டான். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது அக்கா?" என்றான். "நான் பண்ணலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு."

"சொல்றேன். சொல்லிட்டா திரும்பி வந்து கடை போடுவியா?"

"இங்க யாரும் எம் மூஞ்சப் பாத்து இன்னா ஊத்தினேன்னு கேக்கறதில்ல" என்றான். "மூட்டய எடு, மூட்டய வை. அது போதும்." பஸ் வந்தது, ஏறிக்கொண்டான்.

ஊருக்கு வந்து முதலில் கலியனிடம் சொன்னாள். அவன் தன் வலது கையைப் பார்த்தான். "அடிச்சது நான் அண்ணி" என்றான். "அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" கிணற்றைப் பிரி என்று அவன் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எதற்குப் பயந்து ஐந்து வருஷம் வாயை மூடிக்கிடந்தாளோ, அது நடக்கவே இல்லை.

பிறகு ஊரில் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கொஞ்சம் பேர், "பாவம், அவனுக்காகப் பேசறே. நல்ல மனசு உனக்கு" என்றார்கள். கொஞ்சம் பேர், "அதெல்லாம் போன கதை, இந்த வாரம் எங்க இஞ்சினுக்கு வருவியா?" என்றார்கள். அடுத்தவர்களின் இன்ஜினைத் தொடுவதை கெங்கம்மாள் அன்றோடு விட்டாள். யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், "அது கெங்கம்மா வேலை, அப்படிச் சொல்லு" என்பாள். சிரித்தார்கள். மறுநாள் பழையபடி ஜோசப்பு வேலை.

எழுபத்தொன்பதில் ஒரு நாள் கும்மிடிப்பூண்டி ரயிலடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மீன்காரப் பெண், ஆரம்பாக்கம் போகிறவள். அவள் கூடைக் கட்டு அவிழ்ந்துகொண்டது. "தே, ஜோசப்பு வேலை" என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டு கட்டினாள்.

"யாரும்மா அந்த ஜோசப்பு?" என்றாள் கெங்கம்மாள்.

"யாருக்குத் தெரியும்? எல்லாம் சொல்றாங்க, நானும் சொல்றேன். எவனோ உருப்படாதவன்."

"உருப்படாதவன் இல்ல. நான் சொல்றேன் கேளு" என்று நகர்ந்து உட்கார்ந்தாள். கிணற்றிலிருந்து ஆரம்பித்தாள். அவசரப்பட்டுச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஃபிட்டர் வந்ததைச் சொன்னாள், பானையைச் சொன்னாள், கூட்டுரோட்டில் ஜோசப் கடை போட்டதையும் தான் கோயிலுக்குப் போயிருந்தபோது அவன் வந்து ஆயில் மாற்றியதையும் சொன்னாள். மீன்காரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"மூணாம் நாளு இஞ்சின் நின்னு போச்சி" என்று கெங்கம்மாள் சொல்லும்போது ரயில் வந்து நின்றது.

"அதான் பாரு, பாவி" என்று மீன்காரி எழுந்து கூடையைத் தூக்கினாள். "அவன் பண்ண வேலை அப்படி!"

"இரும்மா, இன்னும் முடியல. அதுக்கு முந்தியே நான்..."

மீன்காரி ஏறிவிட்டாள். கெங்கம்மாள் ஜன்னலோடு ஜன்னலாக நடந்தாள், பிறகு ஓடினாள். "சோப்பு வெச்சது நான்மா! நான்!" என்று கத்தினாள். சத்தத்தில் மீன்காரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ வழியனுப்புகிறாள் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.