எதிர்வெயிலில் ஒரு மனு

படம் பிடிக்கிறவனுக்கு முதலாளி ஒருவர்தான், சூரியன். அவர் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் வரமாட்டார். கேமராவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலையும் சக தொழிலாளிகளே, இது உங்களுக்கும் தெரிந்த வேதனைதான். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. துண்டறிக்கைகளைப் படித்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன், பிறகு அவற்றை எழுதினேன், அதற்காக மூன்று முறை சிறைக்கும் போனேன். என் கோஷத்தை வாங்கிக்கொண்டு மேடை ஏறியவர்கள் இப்போது காரில் போகிறார்கள். நான் திருவண்ணாமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன்.

போன கோடையில், கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்ப் பெண்கள் பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை கேட்டு மனுக் கொடுத்தார்கள். மனு எழுதியதும் நான், கூட வைக்கப் படம் எடுத்ததும் நான். முதலில் நிழற்குடை கிடைக்காமல் போனதற்குக் காரணமும் நான்தான்.

கறுப்புக் கொடி

வெயிலைப் பார்த்துப் படமெடுத்தால் ஒளி நேராக லென்சுக்குள் புகுந்து, கண்ணாடிக்குக் கண்ணாடி மோதிப் படத்தை வெளுக்க வைக்கும். நடுவில் வட்ட வட்டமாகக் கறையும் விழும். எங்கள் ஊரில் இது ஜாஸ்தி. ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோருக்கும் சாயங்காலம் மலை பின்னால் தெரிய வேண்டும், சூரியனும் சரியாக அங்கேதான் இறங்குவார். அதற்கு நான் கண்ட வழி ஒரு கறுப்புக் கொடி. பழைய போராட்டம் ஒன்றில் தூக்கியது. தடியடியில் கம்பு முறிந்தது, துணி தங்கியது. புதுக் கம்பு போட்டு, லென்சின் மேல் வெயில் விழாதபடி யாரையாவது பிடிக்கச் சொல்வேன்.

ஒருநாள் காற்றில் கொடி விலகிவிட்டது. கிரிவலம் வந்த ஒரு குடும்பத்தின் படத்தில், பாட்டியம்மா தலைக்கு மேல் ஐந்து வட்டம். மன்னிப்புக் கேட்டு, அழித்துவிட்டு வேறு எடுக்கிறேன் என்றேன். சாமியே ஒளியாக வந்திருக்கிறார் என்று அந்தம்மா கேமராவையே பிடித்துக்கொண்டார். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை, ஆகவே அது வெறும் கண்ணாடிக் கோளாறு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "கண்ணாடி வழியா வரக்கூடாதுன்னு அவருக்கு ஏதாவது சட்டமா தம்பி? அழிச்ச, பொல்லாதவளா ஆயிடுவேன்."

தொழில் சுத்தம்

இந்தக் கொடியோடுதான் அந்த ஊருக்கும் போனேன். காலை எட்டு மணி பஸ்ஸுக்கு இருபது பெண்கள் நிற்பார்கள். பஸ் கிழக்கிலிருந்து வரும், சூரியனும் அங்கிருந்துதான் வருவார். பஸ் வருகிறதா என்று பார்ப்பது சூரியனைப் பார்ப்பதுதான். சிலருக்குக் கண்ணில் நீர் வழியும், அதற்கு முந்தின மாதம் ஒருத்தி மயங்கியே விழுந்தாளாம். நான் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். லென்சு தப்பித்தது, ஆனால் வெயில் முகத்தில் அடிக்க அவர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். என் தொழில் கர்வம் விடவில்லை. இரண்டு பெண்களைக் கொடியை அகலமாக விரித்து, படத்தில் விழாமல் உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். நெருக்கி நின்ற மீதிப் பதினெட்டு முகமும் அதன் நிழலில் பளிச்சென்று வந்தன.

அலுவலகத்தில் அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிழல்லதானே நிக்கறாங்க? அங்க மரம் இருக்குபோல" என்று மனுவை ஓரமாக வைத்துவிட்டார். கொடியைப் பற்றி நான் சொன்னதை அவர் நம்பவில்லை. வெளியே வந்ததும், மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருந்த செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வெயிலுக்கு எதிரா மனு எழுதிட்டு, வெயிலயே மறைச்சிட்டீங்களேண்ணா. உங்கள எப்படித்தான் மூணு தடவ ஜெயில்ல வச்சாங்களோ."

செங்கம் ரோட்டுக் காதலர்கள்

அந்த வாரம்தான், கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் ஒரு ஜோடி செங்கம் ரோட்டுக்கு அழைத்தது. வழக்கம்போல் கொடியை விரித்தேன். மடக்கிவிடுங்கள் என்றாள் பெண். வெயில் உள்ளே வழிய வேண்டுமாம், வட்டம் விழ வேண்டுமாம். முகம் சரியாகத் தெரியாதே என்றேன். பையன் சிரித்தான். "தெரியாட்டி போவுது அங்கிள். அன்னிக்கு வெயில் எப்படி இருந்துச்சுனு தெரியணும். மூஞ்சி தெரியறதுக்கு ஆதார் கார்டு இருக்கு."

இரண்டாவது படம்

மறுநாள் காலை கொடியைக் கடையிலேயே விட்டுவிட்டு அந்த நிறுத்தத்துக்குப் போனேன். பெண்களுக்குப் பின்னால் நின்று, அவர்கள் பஸ்ஸைத் தேடும் திசையிலேயே, நேராகச் சூரியனைப் பார்த்து எடுத்தேன். நாற்பது வருடமாக நான் விரட்டிய அத்தனையும் ஒரே படத்தில் வந்து உட்கார்ந்தன. பாதி வெளுத்துப் போயிருந்தது. நெற்றிக்கு மேல் கைகள், தலைக்கு மேல் இழுத்த முந்தானைகள், ஒருத்தி தலையில் கவிழ்த்திருந்த சாப்பாட்டுப் பை, எல்லாவற்றின் மேலும் வட்டங்கள்.

இந்த முறை செல்வியே நீட்டினாள். அதிகாரி படத்தைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், கண்ணைச் சுருக்கினார். "என்னய்யா படம் இது, கண்ணு கூசுது" என்று என்னைப் பார்த்துக் கடுகடுத்தார். நான் வாயைத் திறக்குமுன் செல்வி முந்திக்கொண்டாள். "படத்துக்கே உங்களுக்குக் கூசுதா சார்? நாங்க தெனமும் அரை மணி நேரம் அசலையே பாக்கறோம்."

திறப்பு விழா

மழைக்காலத்துக்கு முன்னால் நிழற்குடை வந்துவிட்டது. கல்வெட்டில் வேறு யார் யாரோ பெயர், அது எனக்குப் பழகிப்போனது. பெரிய மனிதர்கள் போனபின், பெண்களை மட்டும் உள்ளே உட்காரவைத்துப் படம் எடுக்கப் போனேன். வெளியே சுள்ளென்று வெயில், உள்ளே நல்ல நிழல். முகங்கள் கறுப்பாகத்தான் விழுந்தன. இரண்டடி வெளியே வந்து நில்லுங்கள், பளிச்சென்று எடுக்கிறேன் என்று கெஞ்சினேன். ஒருத்தியும் அசையவில்லை. செல்வி காலை நீட்டி, தூணில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "வேணும்னா நீங்க உள்ள வாங்கண்ணா. கருப்பா விழுந்தா விழட்டும், நாங்க எழுந்துக்கறதா இல்ல."

அந்த இருட்டுப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டுக் கடை வாசலில் மாட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எனக்குத் தொழில் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள், போகட்டும்.