துண்டுக்குள் கேட்ட விலை

கடல் பொங்கிக் கரையோர ஊர்களை அள்ளிப்போனதற்கு மறுவருடம், எங்கள் ஊருணியைப் பற்றிக் கேட்க ஒரு பெண்பிள்ளை வந்தாள். பட்டாசு லோடு லாரிகளுக்கு வழி விட அதை மூடலாமா என்று அவளை அனுப்பியவர்கள் யோசிக்கிறார்களாம்.

"இப்படி ஒரு ஊருணி புதுசா வெட்ட எம்புட்டு குடுப்பீங்க தாத்தா? இருக்கிறதை மூட எம்புட்டு வாங்குவீங்க?"

முதலாவதற்குச் சின்னத் தொகை சொன்னேன். இரண்டாவதற்குப் பல மடங்கு.

"கேள்வி புரியலையா? ரெண்டும் ஒரே ஊருணிதான் தாத்தா."

புரிந்தது. விளக்கத்தான் அலுப்பாக இருந்தது. முழங்கால் வலி வேறு. ஆனாலும் சொன்னேன்.

நான் டவுசர் போடாத வயது. எங்களிடம் ஒரு மயிலைக்காளை, பெரியப்பாவிடம் ஒன்று. இரண்டும் ஒரே பசுவின் கன்றுகள், அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். தை மாதம், பெரியப்பாவின் காளையையும் வாங்கி ஜோடி சேர்க்க அப்பாவுக்கு ஆசை. அண்ணன் தம்பிக்குள் வாய்விட்டு விலை பேசினால் மனஸ்தாபம் வரும். அதனால் சந்தையில் செய்வதுபோல, கைமேல் துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடித்துக் கேட்டார். பெரியப்பா கையை உருவிக்கொண்டார். அதற்குமேல் பைத்தியக்காரன்தான் கொடுப்பான் என்று அப்பா வழியெல்லாம் முணுமுணுத்தார்.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. வீட்டில் கம்பு தீர்ந்தது. பெரியப்பாவின் கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அம்மா அப்பாவின் தோளில் ஒரு சாக்கைப் போட்டாள்.

"மாட்டைப் பெரியவுகளுக்கே குடுத்துட்டு, வரும்போது கம்பு வாங்கிட்டு வாங்க."

நான் மாட்டின் பின்னால் அழுதுகொண்டே போனேன்.

பெரியப்பாவின் களத்தில் துண்டு விழுந்தது. பெரியப்பா விரலைப் பிடித்ததும் அப்பாவின் முகம் கறுத்தது.

"என்னண்ணே, அடிமாட்டு விலை கேக்கீக?"

"ஏலே, தையில எம்மாட்டுக்கு நீ கேட்ட விலைதானலே!"

"அது ஒங்க மாடு. இது நான் வளத்ததுண்ணே."

ஓட்டிக்கொண்டு திரும்பிவிட்டோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா சாக்கை வாங்கி உதறினாள். மடிப்பில் ஒட்டியிருந்த பழைய கம்பு கொஞ்சம் விழுந்தது. குனிந்து பொறுக்கினாள். மாட்டுக்குப் போர்த்தத்தான் சாக்கை உதறுகிறாள் என்று நினைத்து, நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

பெண்பிள்ளையிடம் சொன்னேன்: "ரெண்டு விலையும் நெசந்தாம்மா, அப்படியே எழுதிக்கோ. ஆனா அன்னைக்கு எங்கம்மா கையை யாரும் துண்டுக்குள்ள பிடிச்சு அவ விலை என்னன்னு கேக்கலை. ஒன்னைய அனுப்புனவுககிட்ட இதையும் சொல்லிரு தாயி."