நடைமேடையில் நான் பேசிய சட்டம்

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மாதம், வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் காலை ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்தில் தொடங்கியது இது. சென்னையில் சட்டம் படித்து முடித்துத் திருச்சியில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்த புதிது. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டால் தெருவே என்னைப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. அந்த மூன்று நான்கு நாட்களில் நான் செய்ததை இதுவரை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்னால் தெப்பக்குளம் பக்கம் ஒரு படிப்பகத்தில் விவாதக் கூட்டம் நடந்தது. பொதுசுகாதாரத்தை மத்திய அரசே எடுத்து நடத்தலாமா என்பது தலைப்பு. அரசியல் சட்டம் வந்து பத்து வருடம்கூட ஆகாத காலம். எது டில்லிக்கு, எது மாநிலத்துக்கு என்று பிரித்துப் பேசுவது எங்களைப் போன்றவர்களுக்குப் புது விளையாட்டு. எனக்கு எதிர்த்தரப்பில் ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர். "வியாதி ரயில் ஏறித்தான் ஊர் ஊராப் போகுது. ரயில் டில்லியோடதுன்னா வியாதியும் டில்லியோடதுதானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, "டில்லி என்னை ரயில்ல ஏத்திக்கிட்டுப் போகட்டும். என் கையில ஊசி குத்துற உரிமையை யாரும் அதுக்குக் கொடுக்கல" என்றேன். கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. அந்தச் சத்தம் ஒரு வாரமாக என் காதிலேயே இருந்தது.

அக்கா அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளும் அவள் கணவரும், ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும், சொர்க்கவாசல் பார்க்க அன்று காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். அழைத்துப்போக நான் நிலையத்துக்குப் போயிருந்தேன்.

திருவிழாக் காலத்தில் காலரா வந்துவிடக் கூடாதென்று, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி போட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள். அன்றும் நடைமேடையில், வெளியே போகும் வழியை அடைத்தாற்போல் ஒரு மேஜை. பக்கத்தில் ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. காக்கி உடுப்பில் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் ஏதோ சொல்லிக்கொண்டே ஊசி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன தடவை இந்த ஊசியைப் போட்டு ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடந்தேன்டா. கையைத் தூக்க முடியல. இப்பப் போட்டா நாளைக்கு விடியக்காலம் வாசல் தொறக்கறப்ப நான் எங்கேருந்து வர்றது?"

அவளோடு அடுத்த வீட்டு அம்மாளும் கணவருடன் வந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "எனக்கு ஊசின்னாலே மயக்கம் வந்துரும் தம்பி. நீங்க வக்கீலாச்சே. ஏதாச்சும் சொல்லுங்களேன்."

அவ்வளவு போதும் எனக்கு. கோட்டைச் சரிசெய்துகொண்டு மேஜைக்குப் போனேன்.

"நீங்க எந்த சர்க்கார் சார்?"

"ஸ்டேட் கவர்மெண்டுங்க. ஹெல்த்து."

"இந்த பிளாட்பாரம் யாரோடது?"

"ரயில்வேயோடது."

"ரயில்வே யாரோடது?"

அவர் தயங்கினார். "சென்ட்ரலோடது."

"அப்ப உங்க ஆர்டர் இங்க எப்படிச் செல்லும்? ரயில்வே எழுதிக் கொடுத்திருக்கா?"

பின்னாலிருந்து ஒருவர், "அப்படிப் போடு! டில்லிக்கே போயிட்டாருய்யா வக்கீலு!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார்.

"நான் சட்டம் படிச்சவன் இல்ல சார். உக்காரச் சொன்ன எடத்துல உக்காந்திருக்கேன். வேணும்னா மேஜையை வெளியில போட்டுக்கட்டுமா?"

"தாராளமா. அது உங்க எல்லை."

அவரும் கூட இருந்த பியூனும் கொதிக்கிற பாத்திரத்தோடு மேஜையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்கள். அந்த நேரத்தில் நான் எங்கள் ஆட்களை மறுபக்கம் திருப்பி, சரக்கு ஏற்றி இறக்கும் வழியாகத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நான் பேசியது தவறான சட்டம். மாநிலத்தின் சுகாதாரச் சட்டம் ரயில் நடைமேடைக்கும் பொருந்தும். அரசியல் சட்டத்தில் உள்ள அதிகாரப் பட்டியல்கள், டில்லி, மாநிலம் இரண்டில் யார் எதைப் பற்றிச் சட்டம் இயற்றலாம் என்பதற்குத்தான். தரையைக் கோடு போட்டுப் பங்கு பிரிப்பதற்கு அல்ல. பரீட்சையில் யாராவது அப்படி எழுதியிருந்தால் சுழித்திருப்பார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். அவருக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

"டில்லியையே ஜெயிச்சுட்டீங்களே மாப்ளே" என்று அக்காளின் கணவர் சத்திரம் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று மாலை எல்லோரும் கொள்ளிடத்துக்குப் போனோம். குளித்துவிட்டு, ஊரில் செய்வதுபோலவே மணலில் கையால் ஊற்றுத் தோண்டினார்கள். கலங்கல் தெளிந்ததும் குடித்தார்கள், குடங்களிலும் பிடித்துக்கொண்டார்கள். மணல் வடிகட்டிக் கொடுக்கிற தண்ணீருக்கு மேல் சுத்தமான தண்ணீர் கிடையாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்குத் தாகமில்லை. அதனால் குடிக்கவில்லை. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மறுநாள் விடியற்காலை சொர்க்கவாசல் திறந்தது. அக்காளும் அந்த அம்மாளும் கூட்டத்தில் கை கோத்துக்கொண்டு உள்ளே போய் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். அவர்களைச் சத்திரத்தில் விட்டுவிட்டு நான் நிம்மதியாகத் திருச்சிக்குத் திரும்பினேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அக்காளின் கணவர் ஆபீசுக்கு ஓடிவந்தார். காலில் செருப்பு இல்லை.

"மாப்ளே, காலையிலேருந்து வயித்தால போகுது அவளுக்கு. கஞ்சித் தண்ணி மாதிரி போகுது. கையும் காலும் இழுக்குது. கொண்டுபோய்க் கொட்டகையில போட்டுட்டாங்க."

தொற்றுநோய்க்காரர்களுக்கென்று ஊருக்கு வெளியே போட்டிருந்த கீற்றுக் கொட்டகை அது. உள்ளே பினாயில் வாடை. அக்காளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் குழிக்குள் போயிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கருவிழி மட்டும் திரும்பியது. பக்கத்துக் கட்டிலில் அந்த அம்மாள் கிடந்தார். கணவர் காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னை வெளியே அழைத்துப் போனார். "உப்புநீர் ஏத்தினா பொழைப்பாங்க. இருந்த பாட்டில் தீந்துபோச்சு. அனுப்பியிருக்கிறதாச் சொல்றாங்க, எப்ப வந்து சேரும்னு தெரியல. திருச்சி ரயில்வே ஸ்டோர்ல இருக்கு. ஆனா அது சென்ட்ரல் சரக்கு. நாங்க எழுதிக் கேட்டு வர்றதுக்குள்ள..." என்று நிறுத்தினார்.

"நான் போறேன்" என்றேன்.

வாசலில் அந்தச் சுகாதார இன்ஸ்பெக்டர் ப்ளீச்சிங் பவுடர் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். என்னை அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்க தண்ணி குடிச்சாங்க சார்?"

"கொள்ளிடத்து ஊத்துல."

"கரையெல்லாம் ஜனங்க அசிங்கம் பண்ணி வெச்சிருக்காங்க. ஊத்துத் தண்ணி வேண்டாம், குழாயில மட்டும் குடிங்கன்னுதான் ஊசி போடறப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்." மூட்டையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார்.

வாடகைக் கார் ஒன்றைப் பிடித்தேன். காவிரிப் பாலத்தில் ஊர் திரும்புகிற கூட்டம். வண்டி நகரவே இல்லை. ஒலிப்பானை அடிக்கச் சொல்லி டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எல்லாரும் சாமி பார்த்துட்டு வர்றவங்க சார், அவங்க மேல ஏத்தவா சொல்றீங்க?" என்றார் அவர். அந்தப் பாலத்தைக் கடந்த நேரம் இன்றும் சில சமயம் கனவில் வருகிறது. கனவில் பாலம் முடிவதே இல்லை.

ரயில்வே மருந்துக் கிடங்கில் வயதான ஒரு பொறுப்பாளர் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபமாகப் பேசவில்லை. "இது ரயில்வே ஆளுங்களுக்கு உண்டானது சார். வெளி ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லையே" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வாதமும் வரவில்லை. பொய்தான் வந்தது.

"அவ புருஷன் ரயில்வேலதான் இருக்காரு. தண்டவாள வேலை, கேங்மேன்."

"எந்த ஊரு?"

"அரியலூர்."

என் கோட்டை மேலிருந்து கீழே பார்த்தார். "கேங்மேன் சம்சாரத்துக்கு வக்கீலே நேர்ல வந்திருக்கீங்க" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து நான்கு பாட்டில்களை எடுத்து வைக்கோல் சுற்றி என் கையில் கொடுத்தார். "எழுத வேண்டியதை நான் எழுதிக்கிறேன். நீங்க ஓடுங்க." அவருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் சொல்லக் கஷ்டமானது.

கொட்டகைக்குத் திரும்பியதும் நர்ஸ் முதல் பாட்டிலை வாங்கி நேராக அந்த அம்மாளின் கட்டிலுக்குப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இது எங்க அக்கா பேருல வாங்கினது. ரயில்வே சரக்கு. வேற யாருக்கும் ஏத்தக் கூடாது."

"இவங்களுக்கு நாடியே கெடைக்கல சார். ஒங்க அக்காவுக்கு இன்னும் கெடைக்குது. தள்ளுங்க."

"ரயில்வேயில கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

சொல்லிவிட்டுப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாளின் கணவர் தரையிலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன பேசுகிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. ஏதோ வைத்திய விஷயம் என்று நினைத்திருப்பார். நர்ஸ் என் கையைத் தட்டிவிட்டு, "அப்புறமா என் மேல கேஸ் போடுங்க" என்று சொல்லிப் பாட்டிலைக் கம்பியில் மாட்டினார். ஆனால் அதற்குள் கொஞ்ச நேரம் போய்விட்டது. அதன் பிறகு நர்ஸுக்கு நரம்பு அகப்படவில்லை. கையில் தேடினார், காலில் தேடினார். அகப்பட்டபோது அந்த அம்மாளின் கண் மேலே செருகியிருந்தது.

இரண்டாவது பாட்டில் அக்காளுக்கு ஏறியது. பொழுது சாய்வதற்குள், "தண்ணி குடுடா" என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டு அழுதுகொண்டிருந்த நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் போர்வையை முகம் வரை இழுத்து மூடினார்கள்.

பிறகு டாக்டரிடம் கேட்டேன், ஊசி போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று. அந்த ஊசி வேலை செய்யச் சில நாட்களாவது ஆகும், அன்று போட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ, உண்மையாகவே சொன்னாரோ. ஊற்றுத் தண்ணீரைப் பற்றி நான் கேட்கவில்லை. கட்டிலுக்கு முன்னால் நின்று வாதாடினேனே, அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார்.

காரியங்கள் முடிந்து ஊருக்குப் புறப்படும் முன் அந்த அம்மாளின் கணவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் மனைவியின் புடவை மூட்டை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"நீங்க அலைஞ்சு பாட்டில் கொண்டாந்தீங்களே தம்பி, அதை நான் மறக்க மாட்டேன்" என்றார். "அவ விதி அவ்வளவுதான். ஊசின்னா செத்துருவா அவ. நீங்க மட்டும் இல்லேன்னா காய்ச்சல்ல படுத்திருப்பா, பெருமாளைப் பார்த்திருக்க மாட்டா. அதுக்கே உங்களைக் கும்பிடணும்."

மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். நான் அவர் கைகளைப் பிடித்து இறக்கினேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டது, "சாப்பிட்டீங்களா?" என்பதுதான்.

அரசாங்கத்தின் கை எதுவரை நீளலாம் என்ற கேள்வி தேவையானது என்றுதான் இந்த வயதிலும் நினைக்கிறேன். நாற்பது வருடத் தொழிலில் பல வழக்குகளில் அரசுக்கு எதிராகவே வாதாடினேன். அதில் வெட்கம் இல்லை. ஆனால் ஜெயித்த கட்சிக்காரர் யாராவது கண் கலங்கிக் கைகூப்பினால் மட்டும் அவர் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டு யோசிப்பேன், இவருக்கு உண்மையில் நான் என்ன செய்திருக்கிறேன் என்று இவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று.