நூல் ஒட்டாத செருப்பு

கூட்டம் நடக்கும் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி முடிக்காமல் காஜா அக்கா உள்ளே காலெடுத்து வைப்பதில்லை. எண்ணுவதோடு விடுவதுமில்லை; கால் விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார். தையல் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் செருப்படியில் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். என்ன தேய்த்தாலும் மறுநாளே மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிசிறு இல்லையென்றால் வந்திருப்பது மேனேஜரின் ஆள் என்பது அவர் கணக்கு.

"செருப்பப் பாத்தே ஜோசியம் சொல்றீங்களேக்கா!" என்பாள் காலர் தைக்கிறவள்.

"சிரிடி. கழுத்துல கத்தி விழும்போது தெரியும்."

பத்தொன்பது வருடமாகச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடும் காஜா மிஷின்தான் அவர் உலகம். யாரிடம் பேசினாலும் கண் முகத்தில் நிற்காது, பொத்தான் வரிசைக்கு இறங்கிவிடும். நூல் தொங்கினால் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பல்லால் கடித்து எடுப்பார். 'சங்கம்' என்ற சொல் மட்டும் கம்பெனிக்குள் அவர் வாயில் வராது. "கல்யாண வேலை எப்படிப் போகுது?" என்று கேட்பார். "பொண்ணு வீட்டுப் பக்கம் நாப்பது பேர் ரெடிக்கா" என்று பதில் வரும்.

மூன்று மாதம் முன்பு, சங்கத்தைப் பதிவு செய்யக் கையெழுத்து வாங்கிய தாள் எப்படியோ மேனேஜர் மேசைக்குப் போய்விட்டது. முதல் பேர்தான் தலைவி என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பேருக்குரிய கம்பெனி இஸ்திரிக்காரியை மறுநாள் வேலை இல்லையென்று கேட்டோடு திருப்பி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அக்காவின் பேர் பதினோராவது. "நடுவுல இருந்தா கண்ணுல படாதுடி" என்று விளையாட்டாகச் சொல்லித்தான் அங்கே எழுதியிருந்தார். அதன் பிறகு இஸ்திரிக்காரி கூட்டத்துக்கு வரவில்லை. அவள் வீட்டுத் தெருவழியே போக அக்காவுக்கும் துணிவு வரவில்லை.

இன்று பன்னிரண்டு பேரை வரச் சொல்லியிருந்தார். வாசலில் பதின்மூன்று ஜோடி. ஓரமாகக் கிடந்த நீலச் செருப்பின் அடி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கையெழுத்துக்கான புதுத் தாள் பைக்குள் இருக்க, அக்கா பையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"இன்னிக்கு ஒண்ணுமில்ல, டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. ஆமா, யாரோடது அந்த நீலச் செருப்பு?"

"என்னோடதுதான்க்கா." சுவரோரத்திலிருந்து இஸ்திரிக்காரி எழுந்தாள். "மூணு மாசமா கம்பெனிப் பக்கமே போகல. நூல் எங்கேர்ந்து ஒட்டும்?"

காலர்காரிகூடச் சிரிக்கவில்லை.

"தாளை எடுங்கக்கா. மொதல்ல என் பேரையே போடுறேன். என்னை இன்னொரு தடவையா தொரத்தப் போறாங்க?"

அக்கா தாளை எடுத்து முழங்காலில் வைத்து நீவினார். நீவியதையே நீவிக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரி பேனாவுக்குக் கை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. முதல் வரியில் தன் பேரை எழுத்தெழுத்தாக முழுசாக எழுதினார். பிறகு, வேறு யார் பேரும் மேலே நுழைய இடமில்லாமல், தன் பேருக்கு மேலே ஒட்டினாற்போல் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தார்.