மூன்று வீடுகளும் ஒரே மாதிரி எரிந்தன

போன சனிக்கிழமை ஒரு மேயருக்குப் பொன்னாடை போர்த்தினோம். முன்னாள் மேயர். பாலத்துக்கு அந்தப் பக்கம், அமெரிக்க எல்லை நகரத்தில்.

போர்த்தியவர் டொரொண்டோ வெக்ஸ்போர்ட்டில் என் பக்கத்து அப்பார்ட்மென்ட் குணம் அண்ணை. அவருடைய தம்பி ரவி, கனடாவுக்குள் அகதியாக வருவதற்காக மூன்று மாதமாக அந்த நகரத்துத் தேவாலய விடுதி ஒன்றில் காத்துக் கிடந்தான். செவ்வாய்க்கிழமை எல்லையில் விசாரணை. கேஸைப் பார்க்கும் லோயர் முன்பு அந்த ஊர் மேயர் என்று கேள்விப்பட்டதும் அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை.

"மேயரெண்டால் சும்மாவே? ஒரு போன் அடிச்சால் காணும். நீரும் வாரும், எனக்கு இங்கிலீஷ் ஓடாது" என்றார்.

போனோம். லோண்டரிக் கடைக்கு மேல் ஒற்றை அறை. ரவி முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்தவர், கோப்பி ஊற்றித் தந்தவர், போன் எடுத்தவர் — எல்லாம் அந்த முன்னாள் மேயரேதான். இரண்டு தடவை மேயராம். மூன்றாம் தடவை, பனி தள்ளும் வண்டி தங்கள் தெருவுக்குப் பிந்தி வந்தது என்று சனம் தோற்கடித்துவிட்டதாம். அடுத்த திங்கட்கிழமையே பழையபடி இதே லோயர் கதிரைக்கு வந்துவிட்டார். எங்கள் ஊரில் கிராமச்சபைக்கு ஒரு தடவை தலைவராக இருந்தவரே சாகும்வரை 'சேர்மன்'தான்.

அறை குளிர். பொன்னாடையைக் கழற்றாமலே மனுசன் கேஸ் பைலைத் திறந்தார். உள்ளே ரவிக்காக நான் எழுதிய பெட்டிசம், அகதி மனு. பெருமையாக இருந்தது. டொரொண்டோவில் எங்கள் சனம் பாதிப் பேருக்கு நான்தானே டைப் அடித்துக் கொடுக்கிறேன்?

அவர் மேசை லாச்சியிலிருந்து இன்னும் இரண்டு பெட்டிசங்களை எடுத்தார். பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வரியைக் காட்டினார். ஒரே வரி. மூன்று வீடுகளும் ஒரே மாதிரி எரிந்திருந்தன. மூன்றும் என் கைவண்ணம்.

மேயராக இருந்தபோது ஒரே மாதிரி நூறு கடிதம் வந்தால் அதை ஒரு கடிதமாகத்தான் எடுப்பாராம். சொந்தச் சொல்லில் வந்ததை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பாராம். விசாரிக்கிற ஒபிசரும் அப்படித்தான், இதைக் கொடுத்தால் பொய்யன் என்று ரவியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார்.



பிறகு ரவியிடம் ஒரேயொரு கேள்வி. என்ன நடந்தது? நான் தமிழில் கேட்டேன். ரவி தமையனைப் பார்த்தான்.

"அண்ணை, வீடு எரியேல்லை. அப்பிடியே நிக்குது."

"அப்ப?"

"அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் எண்டு நான் எழுதினது பொய். துவக்கோட வந்தவங்கள் என்னைத் தேடித்தான் வந்தவங்கள். நான் மதில் ஏறிப் பாஞ்சிட்டன். என்னைக் காட்டச் சொல்லி அவரை அடிச்சவங்கள். அவர் வாயே திறக்கேல்லை... வீட்டு முத்தத்திலயே சுட்டுப்போட்டாங்கள். உங்களுக்கு இதை எப்பிடி எழுதிறது?"

மொழிபெயர்க்க வந்தவன் நான். அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். குணம் அண்ணை முழங்காலில் கையூன்றிக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மேயர் எழுந்து வந்து, தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார்.

தகப்பனைச் சுட்டதால் ஓடி வந்தவனின் பெட்டிசத்தில் அதுதான் இல்லை. அண்ணை சொன்னதில் கொஞ்சம், பழைய பெட்டிசத்தில் கொஞ்சம் என்று சேர்த்து அடித்தவன் நான். மூன்று மாதம் இருந்ததே — ரவியுடன் ஒருதரம் போனில் பேசியிருந்தால் குறைந்தா போயிருப்பேன்? வெட்கமாக இருக்கிறது.

மேயர் என் தாளை ஒதுக்கிவிட்டு, ரவி சொல்லச் சொல்ல, நான் மொழிபெயர்த்ததை மஞ்சள் கொப்பியில் எழுதினார். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. முந்தாநாள் ரவியைப் பாலம் தாண்டி வர விட்டுவிட்டார்கள்.

பெட்டிசம் எழுத இனியும் என் கதவைத் தட்டலாம். ஆனால் முதலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, நடந்ததை எனக்குச் சொல்ல வேண்டும்.