பரஸ்யம் இல்லை

காலை ஏழு இருபது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது நீர் சொட்டும் குடை. அதன் பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. பைக்குள் ஒரு தாள், இரண்டாக மடித்து, நனையாமல். பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சுள்ளிக்கல்லிலிருந்து மட்டாஞ்சேரியில் என் வீட்டுக்கு அவள் போன் செய்யாமல் வந்ததில்லை.

தாளில் என் பெயர் இருந்தது, வயது இருந்தது, அம்மா எந்த வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தாள் என்பதும் இருந்தது. அதற்குக் கீழே, அந்த நோய்க்கு வழிவகுக்கும் ஒரு மரபணு மாற்றம் என்னிடம் இருப்பதாக ஒரு வரி. நானே இணையத்தில் போட அனுமதித்த பக்கம் அது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு எச்சில் கொடுத்திருந்தேன். தன்னார்வலர்களின் மரபணு விவரம் முழுவதும் யாரும் எடுத்துப் படிக்கும்படி திறந்து வைக்கப்படும். பெயரை மறைக்க வழி இருந்தது. நான் மறைக்கவில்லை. பெயர் சொல்லாத தகவலை நம்பாதே என்று பத்திரிகையின் செய்தி மேசையில் பழகியவன்.

கையெழுத்துப் போடும் முன் ரத்த உறவுகளிடம் பேசுங்கள் என்று படிவம் சொன்னது. பேசப் போனேன். அக்கா சாயா போட்டுத் தந்துவிட்டு, திட்டத்தின் துண்டுப் பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழவழப்பான தாள், சிரிக்கும் முகங்கள்.

"இதுல அம்மாவோட சீக்கு உனக்கு வருமான்னு தெரியுமோ?"

"தெரியலாம்."

"தெரிஞ்சா நீ வச்சுக்கோ. எனக்கு அறியண்டாம். அம்மா அறிஞ்சுதான் பாதி செத்தா." பிரசுரத்தை நீட்டினாள். "இது பரஸ்யமாடா?"

"பரஸ்யம் ஒண்ணும் இல்லக்கா. ஆராய்ச்சி."

"அப்போ சரி."

முப்பது வருடம் மலையாளப் பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்குப் பரஸ்யம் என்றால் விளம்பரம்தான். கடைசி நிமிடத்தில் வந்து என் செய்தியைப் பாதியாக வெட்ட வைப்பது. அதே சொல்லுக்குப் பகிரங்கம் என்றும் பொருள் உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அது நினைவில் வரவில்லை.

முடிவு வந்தபோது அந்த வரியைப் படித்தேன். ஆணுக்கு ஆபத்து குறைவு என்று விளக்கம் இருந்தது. அக்காவுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளிடம் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டபடி நடந்ததாக எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அந்தப் பக்கம் அப்போதும் திறந்துதான் கிடந்தது.

அக்காவின் மகள் எறணாகுளத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிற ஒருத்தி, "இது உன் மாமன் அல்லே?" என்று திரையைக் காட்டியிருக்கிறாள். மகள் அச்செடுத்து முந்தைய நாள் சாயந்திரம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"பரஸ்யம் இல்லன்னல்லே சொன்னே?" என்றாள் அக்கா. உள்ளே வரவில்லை.

"விளம்பரம் இல்லன்னு சொன்னேன்க்கா."

"நான் விளம்பரத்தையா கேட்டேன்? நாலு பேரு கண்ணுல படுமான்னு கேட்டேன்." குடையை உதறினாள். "ஊர்ல உள்ளவன் எழுத்தெல்லாம் திருத்தினே. அக்கா கேட்ட ஒரு வார்த்தை மனசிலாகல, இல்லே?"

சாயா குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். பஸ் போய்விடும் என்றாள். தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அன்றே திட்டத்துக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே பிரதி எடுத்தவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. நான் கையெழுத்திட்ட படிவத்தின் நான்காம் பத்தியிலும் அதுதான் இருந்தது.

தெரிந்தது நல்லதுக்குத்தான் என்று மருத்துவரும் மகளும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். அக்கா பிறகு செய்துகொண்ட பரிசோதனையிலும் அதே வரி வந்தது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, மகள் சொன்னாள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அக்கா தேவராவில் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறாள். மகள் லீவு போட்டுக் கூடப் போகிறாள்.