ரெங்கராஜ் சொல்லும் மணிக்கணக்கு

ஸ்ரீரங்கத்தில் சாவு விழுந்த வீடுகளுக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோகிற ரெங்கராஜ், வாசலில் வண்டியை நிறுத்தியதும் கேட்கும் முதல் கேள்வி, "பையன் எந்த ஊர்ல இருக்காருங்க?" என்பதுதான். சிங்கப்பூர் என்றால், "சாயங்காலமே எடுத்துடலாம்" என்பார். அமெரிக்கா, கனடா என்றால் பெட்டியின் பிளக்கை இன்னொரு தடவை அழுத்திப் பார்ப்பார்.

யாராவது மாப்பிள்ளை செல்போனைத் தட்டி, "திருச்சிக்கும் டொராண்டோவுக்கும் பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டராம், பதினேழு மணி நேரத்துல வந்துடலாமாம்" என்று வாயைத் திறந்தால் போச்சு.

"அது காக்கா பறக்குற கணக்கு சார். மனுஷன் தோஹாவுல இறங்கி உக்காரணும், சென்னையில வரிசையில நிக்கணும், அப்புறம் திருச்சி ஃப்ளைட்டைப் பிடிக்கணும். முப்பத்திரண்டுன்னு வச்சுக்குங்க."

இருபது வருஷமாக அவர் சொன்ன மணி பெரிதாகத் தப்பியதில்லை. புரோகிதரே அவரைக் கேட்டுவிட்டுத்தான் நேரம் குறிப்பார்.

போன ஆடியில் அவர் மனைவி பானு தில்லை நகர் ஆஸ்பத்திரியில் படுத்தாள். வெறும் மஞ்சள் காமாலை, நாலு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் ரெங்கராஜை வெளியே கூப்பிட்டு, ஈரல் முழுக்கக் கெட்டுவிட்டது, இரண்டு நாள் தாங்குவதே கஷ்டம் என்றார். நாற்பத்தெட்டில் முப்பத்திரண்டு போனால் பதினாறு. மனசு தானாகக் கழித்துப் பார்த்ததில் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சுபஸ்ரீயைப் பயமுறுத்தாதீங்க மாமா. பொண்ணு டொராண்டோவுல தனியா கெடக்கு" என்றான் மைத்துனன் மாதவன்.

"பெட்டிக் கண்ணாடி மேல கன்னத்தை வச்சு எத்தனை பிள்ளைங்க அழுதிருக்குன்னு உனக்குத் தெரியுமாடா? என் பொண்ணாவது ஆத்தாளை உசுரோட பார்க்கட்டும்."

மகளுக்குப் போன் போட்டு, "கிளம்பி வாம்மா" என்றார்.

அப்புறம் அவருக்கு உட்கார முடியவில்லை. டீக்கடைக்குப் போவார், டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார், பாதியில் கொட்டிவிட்டு மாடி ஏறுவார். பானுவின் மூச்சைப் பார்ப்பார், போனில் விமானம் எங்கே வருகிறது என்று பார்ப்பார். தோஹாவில் அது நாற்பது நிமிஷம் தாமதமானபோது யாரைத் திட்டுவதென்று தெரியாமல் மாதவனைத் திட்டினார். அவனும் பாவம், வாங்கிக்கொண்டான்.

சுபஸ்ரீ பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக வார்டுக்கே வந்து சேர்ந்தாள். பானு விழித்துத்தான் இருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே ரெங்கராஜ் நினைத்தார்.

பானு மகளின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு கால்மாட்டில் நின்ற கணவரிடம், "தீபாவளிக்கே லீவு கிடைக்காதுன்னாளே. இப்ப எப்படிங்க வந்தா?" என்று கேட்டாள்.

ரெங்கராஜ் மகளின் பெட்டியை எடுத்துச் சுவரோரமாக வைத்தார்.

"திரும்பிப் போற டிக்கெட் என்னைக்கு?"

பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்றுதான் ஊரே அவரைக் கேட்டிருக்கிறது. போகிற நாளை ஒருவரும் கேட்டதில்லை. அவருக்கும் அது தோன்றவில்லை.

"இன்னும் போடல பானு."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். மகளின் கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள்.

"சரி. நீங்களும் இப்படிப் பக்கத்துல வந்து உக்காருங்க" என்றாள்.